கலியாணம் சொல்லப் போன நெஞ்சு

மகளின் கலியாணத்துக்கு நாள் வைத்து, அழைப்புக் கார்ட் அடித்து வந்த கையோடு எனக்கு நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. உழவு இயந்திரம் ஒன்று முற்றத்தில் வந்து நின்றுகொண்டு எஞ்சினை நிற்பாட்டாமல் இருக்கிற மாதிரி ஒரு அடிப்பு. கை நடுங்கும். உள்ளங்கை வியர்க்கும். கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காதது போல அடங்கிவிடும். அடுத்த நாள் திரும்ப வரும்.

நான் புதுக்குடியிருப்பில் ரியூசன் கொடுக்கிற கணக்கு வாத்தியார். விடை இருந்தால் போதாது, வழி காட்ட வேண்டும் என்று பிள்ளைகளின் கழுத்தை அறுக்கிறவன். ஆகவே இதற்கும் ஒரு வழி தேடினேன். இது உடம்பில் உள்ள நோயா, மனத்தில் உள்ளதா? நெஞ்சுவருத்தம் என்றால், மகளின் கையைப் பிடித்துத் தாரைவார்த்துக் கொடுக்க நான் உயிரோடு இருப்பேனா என்று உண்மையாகவே பயந்தேன். மனம் என்றால் இன்னொரு பயம். மனைவியிடம் தோற்க வேண்டும்.

அவா முதல் நாளே தீர்ப்புச் சொல்லியிருந்தா.

"உங்களுக்கு நெஞ்சுவருத்தமும் இல்லை, ஒண்டும் இல்லை. பிள்ளையை விட்டிட்டு இருக்கேலாது, அதுதான்."

"அவள் என்ன கனடாவுக்கோ போறாள்? புளியங்குளத்துக்குத்தானே!"

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

மாப்பிள்ளைக்குப் புளியங்குளத்தில் வேலை, வயலும் அங்கேதான். பஸ்ஸில் ஏறி ஒரு குட்டி நித்திரை கொண்டு எழும்பினால் ஊர் வந்துவிடும். அந்தத் தூரத்துக்கு என் நெஞ்சு இவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்ணும் என்று ஒத்துக்கொள்ள நான் தயாராக இல்லை. எனக்கு வந்திருப்பது மரியாதையான நெஞ்சுவருத்தம்தான் என்று நிறுவப் புறப்பட்டேன்.

முதலில் ஒன்றையும் யோசிக்காமல் இருந்து பார்த்தேன். அப்போதும் படபடத்தால் அது உடம்பு என்பது என் கணிப்பு. ஆனால் யோசிக்காமல் இருக்கிறேனா என்று யோசித்ததிலேயே அந்தப் பரிசோதனை பாழாய்ப் போனது. பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டு மாடு எங்கள் வெண்டிப் பாத்திக்குள் இறங்கியது. அதை றோட்டு வரைக்கும் துரத்தினேன். மூச்சு வாங்கியதே தவிர நெஞ்சில் ஒரு நோவும் இல்லை. எனக்குப் பெரிய ஏமாற்றமாகப் போய்விட்டது. வகுப்பில் நாடியைப் பிடித்தபடி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நேரம் வைத்துப் பார்க்கிறார் என்று நினைத்துப் பிள்ளைகள் விழுந்தடித்துக் கணக்குச் செய்தார்கள். அந்தத் தவணை அவர்களுடைய புள்ளிகள் நன்றாகக் கூடின.

இதற்கிடையில் கலியாணம் சொல்லப் போக வேண்டும். கார்ட்டைத் தபாலில் போட்டுவிட்டு இருக்க முடியாது. புருசனும் பெண்சாதியுமாக வீடு வீடாகப் போய், கதிரையில் இருந்து கதைத்து, தருகிற தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் எழும்பலாம். குடிக்காமல் வந்தால், "எங்கட வீட்டில ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கேல்லை" என்று அந்தக் குடும்பம் முழுக்கக் கோபித்துக்கொள்ளும்.

மனைவிக்கு இதில் விதிவிலக்கு. அவாவுக்குச் சீனி வருத்தம். சீனியில்லாத தேத்தண்ணி தொண்டையால் இறங்காது என்று தேத்தண்ணியையே விட்டவா. அதைச் சொன்னதும் எல்லோரும் பாவம் பார்ப்பார்கள். ஆனால் அதற்குள் இரண்டு கோப்பையில் ஊற்றி வந்திருப்பார்கள்.

"அப்ப மாஸ்ரர், அதையும் நீங்களே குடியுங்கோவன். ஊத்தினதை என்ன செய்யிறது?"

நான் குடிப்பேன். அடுத்த வீட்டிலும் குடிப்பேன்.

ஒரு பின்னேரம், கார்ட்டை நீட்டிய என் கை கிடுகிடுவென்று நடுங்கியது. அந்த வீட்டு அம்மா அதைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டா. "பெத்த மனம், நடுங்காமல் என்ன செய்யும்" என்று சொல்லி, ஆறுதலுக்கு இன்னொரு தேத்தண்ணி போட்டுத் தந்தா. அதையும் குடித்தேன். குடித்து முடிய நெஞ்சு அடித்த அடியில் மனைவியே பயந்து, ஓட்டோ பிடித்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா.

அங்கே நெஞ்சில் வயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். டொக்டர் எங்கள் மகளின் வயதுப் பிள்ளை.

"இதயம் நல்லாயிருக்கு ஐயா."

"இன்னொருக்கா வடிவாப் பாருங்கோ பிள்ளை," என்றேன்.

"பாத்திட்டன். ரத்தமும் சோதிச்சுப் பாப்பம். ஒரு நாளைக்கு எத்தினை தேத்தண்ணி குடிப்பீங்கள்?"

"காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு."

பக்கத்தில் இருந்த மனைவி திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

"இண்டைக்குப் போன வீடு முழுக்க ரெண்டு ரெண்டாக் குடிச்சது ஆர்?"

"அது நான் குடிச்சதில்லை," என்றேன். "அது அவை தந்தது."

பொய் சொல்லவில்லை. போன இடத்தில் குடிப்பது மரியாதை. அதை யாராவது தேத்தண்ணி என்று எண்ணுவார்களா? டொக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டா.

"தேத்தண்ணியை நல்லாக் குறையுங்கோ ஐயா. நெஞ்சுநோ, மயக்கம் வந்தால் உடன வாங்கோ. சும்மா படபடப்புத் திரும்ப வந்தாலும் வாங்கோ, பாப்பம். சிலவேளை உடம்பும் மனமும் சேர்ந்துதான் இந்த வேலை செய்யிறது."

கடைசி வசனம் என் காதில் ஏறவில்லை. உடம்பு! நான் வென்றுவிட்டேன். இரத்தத்திலும் ஒரு குறையும் இல்லை என்று முடிவு வந்தது.

மிச்ச வீடுகளில் எப்படித் தேத்தண்ணியை மறுப்பது? மனைவி வழி கண்டுபிடித்தா. "இவருக்கும் இப்ப சீனி" என்றா. ஊர் உடனே நம்பியது. படபடப்பும் மெல்ல மெல்ல நின்றது. ஆனால் கலியாண வீட்டில் பலகாரத் தட்டுகள் என்னைக் கண்டதும் வளைந்து போயின. பந்தியில் பாயாசம் என் இலைக்குக் கிட்ட வர, "மாஸ்ரருக்குச் சீனி, ஊத்தாதேங்கோ!" என்று நாலு பக்கமும் இருந்து கத்தினார்கள். சொந்த மகளின் கலியாணத்தில் ஒரு துண்டுப் பயத்தம் பணியாரம் எனக்குக் கிடைக்கவில்லை.

பின்னேரம் பொம்பிளை மாப்பிள்ளையைப் புளியங்குளத்துக்கு ஏற்றிப்போக வான் வந்து வாசலில் நின்றது. காலில் விழுந்து எழும்பிய மகள் கேட்டாள்.

"அப்பா, இப்ப படபடப்பு இல்லைத்தானே?"

"சேச்சே. அது தேத்தண்ணி எல்லோ," என்றேன்.

வான் சந்தியில் திரும்பி மறைந்தது. உடனே நெஞ்சுக்குள் அந்த எஞ்சின் ஸ்ரார்ட் ஆனது. நாடியைப் பிடித்துப் பார்த்தேன். நன்றாக அடித்தது. அன்றைக்கு முழுக்க நான் தேத்தண்ணி பக்கமே போகவில்லை.

மனைவி பார்த்துக்கொண்டு நின்றா. "நான் அப்பவே சொன்னனான்" என்பா என்று காத்திருந்தேன். அவா அதைச் சொல்லவில்லை. காப்புப் போட்ட கையை என்னிடம் நீட்டினா.

"இதையும் ஒருக்காப் பிடிச்சுப் பாருங்கோ."

பிடித்தேன். என்னுடையதைவிட வேகமாக அடித்தது. அவா தேத்தண்ணியை விட்டு எத்தனையோ வருடம்.