முண்டனுக்குப் பிறகு

அடுப்பை அணைக்க மறந்ததை வயசுக் கோளாறு என்று விட்டுவிட்டேன். ஹவுன்ஸ்லோவில் என் சொந்தத் தெருவைத் தாண்டிப் போய் முழித்துக்கொண்டு நின்ற பிறகுதான் டாக்டரிடம் போனேன். தலையை ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்றார்.

நான் யாழ்ப்பாணத்தில் பண்டைய இந்தியச் சரித்திரம் படிப்பித்தவன். லண்டனுக்கு வந்து விமான நிலையத்தில் பெட்டி ஏற்றிய காலத்திலும் அரசர்களையும் போர்களையும் வரிசை பிசகாமல் மனதில் வைத்திருந்தேன். அதுவும் போய்விட்டால் என்னிடம் என்ன மிச்சம்?

மகன்தான் சட்டனில் உள்ள ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப்போனான். வழியெல்லாம் நாங்கள் ஒன்றும் பேசவில்லை. மடியில் கிடந்த என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெஷினுக்குள் தள்ளும்போது கையில் ஒரு ரப்பர் குமிழைத் தந்து, பயமாக இருந்தால் அமுக்கச் சொன்னாள் நர்ஸ். எனக்கோ கோட்டைக் கழற்றும்போதே பயம்தான். கல் வந்து விழுகிற மாதிரிச் சத்தம் தொடங்கியது. அஜாதசத்துரு கல்லெறியும் பொறி செய்து வைசாலிக்காரரை அடித்தான் என்று எத்தனையோ வகுப்பில் அலட்டாமல் சொல்லியிருக்கிறேன். அன்றுதான் அடிபட்ட அந்தச் சனங்கள்மேல் இரக்கம் வந்தது.

பயத்தை மறக்க மகதத்து அரசர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். இதில் பாஸ் என்றால் மூளைக்கு ஒன்றுமில்லை என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். பிம்பிசாரனை மகன் அஜாதசத்துரு கொன்றான். அவனை அவன் மகன் உதயபத்திரன். உதயபத்திரனை அனுருத்தன், அனுருத்தனை முண்டன். பௌத்தக் கதைகளின்படி எல்லாருமே அப்பனைக் கொன்று சிம்மாசனம் ஏறிய உத்தம புத்திரர்கள். முண்டனைக் கொன்றது அவன் மகன்...

பெயர் வரவில்லை. மறுபடி பிம்பிசாரனிலிருந்து தொடங்கினேன். அதே இடத்தில் நின்றது. குமிழை அமுக்கினால் என்னவென்று கேட்பார்கள். ஓர் அரசனைக் காணவில்லை என்று அந்த நர்ஸ் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

வெளியே மகன் என் மணிக்கூட்டையும் மோதிரத்தையும் வைத்துக்கொண்டு காத்திருந்தான். சின்ன வயதில் நான் சரித்திரம் என்று வாயெடுத்தாலே எழுந்து ஓடுகிறவன். ஆனாலும் கேட்டேன்.

"தம்பி, முண்டனுக்குப் பிறகு ஆர்?"

"நாகதாசகன்."

அவன் யோசிக்கக்கூட இல்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "எப்பிடியடா உடன சொன்னாய்?"

மோதிரத்தை என் விரலில் போட்டுவிட்டான். முகத்தை நிமிர்த்தவில்லை.

"வரேக்க காரில முழுக்க இதைத்தானே சொல்லிக்கொண்டு வந்தனீங்கள், அப்பா. நாகதாசகன் எண்டு நீங்கள்தான் எனக்குச் சொன்னனீங்கள்."

கார் நிறுத்திய இடம்வரை அவன் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தேன். திரும்பும் வழியில் நான் வாயே திறக்கவில்லை. திறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.