நான் போடாத கையெழுத்து

நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் தங்கள் வீட்டில் காற்று வரும் கிரில்லில் ஒரு டிஷ்யூ காகிதத்தை வைத்துப் பார்த்துவிட்டு வந்து பேசலாம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கூட்டவில்லை. குறைக்கவில்லை.

வீடுகளுக்குக் காற்று மிஷின் போடுவது எங்கள் தொழில். ஈ.ஆர்.வி. என்பார்கள். உள்ளே கிடக்கும் பழைய காற்றை வெளியே தள்ளும். வெளிக்காற்றை உள்ளே கொண்டுவரும். போகிற காற்றின் சூட்டையும் ஈரத்தையும் வருகிற காற்றுக்கு ஏற்றிவிடும். காற்றுதான் புதிது. ஈரம் பழையது.

நாங்கள் இரண்டு பேர். நானும் டேப்பும். எந்தக் கோளாறுக்கும் டேப் ஒட்டியே வழி பார்ப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். ஒட்டி முடித்ததும் நுனியை முக்கோணமாக மடித்துவிடுவான், அடுத்த முறை நகத்தால் சுரண்ட வேண்டாம் என்று. பன்னிரண்டு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். லைசென்ஸ் என் பெயரில். அவன் பொருத்துவான். நான் அறை அறையாகச் சோதித்துக் கையெழுத்துப் போடுவேன். அந்தக் கையெழுத்துதான் என் சோறு.

அன்று காலை 11.20க்கு ஒரு பெண் கூப்பிட்டார்.

"பின்னறைல சத்தம் வருது. புஸ்… புஸ்னு."

"ஃபில்டர் அடைச்சிருக்கும்மா. பத்துல ஒன்பது வீட்ல அதான்."

"மாத்திட்டேன்."

"தண்ணி வடியுற குழாய்?"

"அதையும் பாத்துட்டேன். போன்லயே வைத்தியம் பாக்காதீங்க. நேர்ல வாங்க."

மாலை 3.35க்குப் போனேன். அந்த வீட்டுக்கு நான் போனது அதுதான் முதல் முறை. ஐம்பது வயதுப் பெண்மணி கதவைத் திறந்தார். என் அடையாள அட்டையைப் படித்தார். முகத்தைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"இந்தப் பேர்ல முன்னாடி வந்தவர் வேற ஆளாச்சே."

"ஆபீஸ்ல மாத்திச் சொல்லிருப்பாங்கம்மா," என்று சமாளித்தேன்.

மிஷினின் மூடியைக் கழற்றினேன். ஃபில்டர் சுத்தம். இரண்டு ஃபேனும் ஓடின. மூடியின் உட்பக்கம் எங்கள் சர்வீஸ் கார்டு. என் பெயரும் வீட்டு முகவரியும் அச்சடித்தது. அதில் இரண்டு பதிவுகள். இரண்டிலும் என் கையெழுத்து. கடைசி எழுத்தின் சுழி வரைக்கும் என்னுடையது.

முதல் பதிவின் தேதி, என் மகள் பிறந்த வாரம். அந்த வாரம் முழுக்க நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தேன்.

இரண்டாவது, போன வருடம். 'பின்னறையில் காற்று சரியாக வருகிறது' என்று எழுதியிருந்தது.

நான் எழுதவில்லை.

"பின்னறை யாரோடதும்மா?"

"எங்க வீட்டுக்காரரோடது. ஆஸ்துமா. அவருக்காகத்தான் இந்த மிஷினே போட்டோம்."

"இப்ப அவர்…?"

"தவறிட்டார். பத்து மாசம் ஆச்சு."

3.58. பின்னறை. கட்டில், மேசை, மூடிய ஜன்னல். சுவரில் உயரமாக ஒரு கிரில். புதுக்காற்று வரவேண்டிய வாய் அது. ஏணியில் ஏறி டிஷ்யூ காகிதத்தைப் பிடித்தேன். காற்று வந்தால் காகிதம் விலகிப் பறக்க வேண்டும்.

ஒட்டிக்கொண்டது.

நாலு விநாடி. பிறகு விலகியது. நாலு விநாடி. மறுபடி ஒட்டியது…

புஸ்…

புஸ்…

கீழே போய் மிஷினை நிறுத்தினேன். பிளக்கையும் பிடுங்கினேன். மற்ற அறைகளில் காகிதம் செத்ததுபோல் தொங்கியது.

4.07. பின்னறை.

ஒட்டியது… விலகியது…

கிரில்லைக் கழற்றினேன். உள்ளே குழாயின் வாயை அடைத்து ஒரு பிளாஸ்டிக் தாள். சுற்றிலும் டேப்.

டேப்பின் நுனி முக்கோணமாக மடிந்திருந்தது.

தாள் உள்ளே குழிந்தது. வெளியே புடைத்தது.

அதன் அந்தப் பக்கம், ஒரு சாண் அகலக் குழாய்க்குள், உள்ளங்கை அளவுக்கு ஆவி படிந்தது.

சுருங்கியது.

படிந்தது.

கத்தியால் கிழித்தேன்.

சூடாக, ஈரமாக, ஒரு மூச்சு என் முகத்தில் பட்டது. மருந்து வாசனை.

பிறகு ஒன்றுமில்லை.

4.30க்கு வண்டியில் உட்கார்ந்து டேப்பைக் கூப்பிட்டேன்.

"டேய், அந்த ஆஸ்துமாக்காரர் வீட்டுப் பின்னறை கிரில்லுக்குள்ள பிளாஸ்டிக்."



"கட்டட தூசி உள்ள போகக்கூடாதுன்னு ஒட்டினது மாப்ள. எடுக்க மறந்துருச்சு."

"என் கையெழுத்து?"

"உனக்குக் குழந்தை பொறந்த நேரம். தொந்தரவு பண்ண வேணாம்னு நானே போட்டேன்."

"அப்புறம் அந்த ஆளு காத்து வரலன்னு கூப்பிட்டப்ப? கிரில்லைக் கழட்டிப் பாத்தியா?"

"இல்ல…"

"அப்பவும் என் கையெழுத்தா?"

"பழகிருச்சுடா. ஒரு கையெழுத்துதானே."

கூட இருந்தே குழி பறித்திருக்கிறான். குழிக்கு மேல் என் பெயரையும் எழுதி வைத்திருக்கிறான். போனை வைத்துவிட்டேன். அதன்பிறகு அவனோடு பேசவில்லை.

மறுநாள் என் மனைவி சொன்னாள்: "பாப்பா ரூம்ல நேத்துலேர்ந்து ஒரே புழுக்கம். ஊருக்கெல்லாம் காத்து விடுறீங்க, நம்ம வீட்ட யாரு பாக்குறது?"

எங்கள் வீட்டிலும் அதே மிஷின்தான். ஆனால் அதை நானே பொருத்தினேன். ஃபில்டர், ஃபேன், குழாய் எல்லாம் பார்த்தேன். எதிலும் கோளாறு இல்லை.

மூன்றாம் நாள் அந்தப் பெண்மணி ஒரு புகைப்படம் அனுப்பினார். மேசை டிராயரில் கிடைத்ததாம். அவர் கணவரின் நோட்டில் ஒரு பக்கம். இறந்த நாளன்று எழுதியது.

'இன்று மறுபடி வந்தார். கிரில்லைத் தொடவே இல்லை. எல்லாம் உங்கள் மனப்பிரமை என்றார். போகும்போது கார்டில் கையெழுத்துப் போட்டார். பெயரையும் முகவரியையும் குறித்துக்கொண்டேன்.'

கீழே என் பெயர். என் முகவரி. அடியில் இரண்டு கோடு.

அதற்கும் கீழே, நடுங்கிய எழுத்தில்:

'இவர் வீட்டுப் பிள்ளைக்குக் காற்று எப்படி வருகிறது என்று ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும்.'

படத்தைப் பார்த்ததும் மிஷினின் பிளக்கைப் பிடுங்கினேன். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். கிரில்லில் டிஷ்யூ காகிதத்தை வைத்தேன்.

மணி 4.07.

ஒட்டிக்கொண்டது…