பாயின் மிளகாய் வழக்கு

கோர்ட்டுக்குப் போட்டுக்கொள்ள வக்கீலம்மா எனக்கு ஒரு வெள்ளை முழுக்கைச் சட்டை வாங்கிக் கொடுத்தார். புக்கிட் பெருவாங்கில், சலவைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அவருடைய அலுவலகத்தில் உட்கார்ந்து, உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கரிபாப் தின்றுகொண்டே, காலரில் குத்தியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். சரக்குக் கிடங்குக்காரர்களின் வழக்குகள்தான் அவருடைய தொழில். சரக்கு கெட்டது, காணாமல் போனது என்று யாராவது கிடங்கின் மேல் வழக்குப் போட்டால், கிடங்கின் பக்கம் நின்று பேசுவார். என்னைவிட வயதில் சிறியவர். "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். சட்டை எனக்கு அளவாக இருந்தது. நான் வேலை பார்த்த கிடங்குக் கம்பெனிக்காக என்னை ஒருவர் இவ்வளவு கவனிக்கிறாரே என்று அன்று பெருமையாகக்கூட இருந்தது.

நான் அலோர் காஜாவுக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட்டில் பிறந்தவன். படிவம் இரண்டோடு, பதினாலு வயதில், பள்ளியை விட்டேன். பிறகு ஜொகூரில் மீன் லாரி, சிங்கப்பூரில் கட்டட வேலை, கிள்ளானில் மூட்டை தூக்கியது, ஒரு சாப்பாட்டுக்கடையில் மங்கு, தட்டு கழுவியது. பசி பழகிவிட்டது; ஓரிடத்தில் நிற்பதுதான் பழகவில்லை. இந்தக் கிடங்கில்தான் கொஞ்சம் தங்கினேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது, சரக்கை இறக்கி அடுக்குவது, ரசீதைக் கிழித்துக் கொடுப்பது என் வேலை.

பாய் எங்கள் வாடிக்கையாளர். சுங்கை ரம்பாயில் மளிகைக்கடை வைத்திருந்தார். காய்ந்த மிளகாயை மொத்தமாக எடுத்து எங்களிடம் இறக்கிவிட்டு, தேவைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வேனில் ஏற்றிப் போவார். வந்தால் சும்மா போகமாட்டார். "தம்பி, ஒனக்குத்தான் பொண்டாட்டி இல்ல, எம் மொளகாயவாச்சும் வச்சுக் காப்பாத்துலா" என்பார். "பாய், ஒங்க மொளகாயோட குடும்பம் நடத்துனா கண்ணுதான் எரியும்" என்பேன். சிரித்துக்கொண்டே மூட்டைகளைத் தட்டிப் பார்ப்பார்.

ஒரு நாள் அவருடைய மூட்டைகள் இரும்புக் கதவை ஒட்டி இருப்பதைப் பார்த்துவிட்டு, "மழைக்காலம் தம்பி, உள் ரூமுக்கு மாத்திரு" என்றார். "மாத்திடுறேன் பாய். நீங்க போங்க, நான் பாத்துக்கிறேன்" என்றேன். இங்கே யாரும் யாரிடமும் வாடிக்கையாகச் சொல்வதுதான் அது. அவர் போன பிறகு மேனேஜரிடம் கேட்டேன். உள் அறையை ஒரு பால்மாவு கம்பெனிக்குக் கொடுத்தாயிற்று, எதையும் தொடாதே என்றார். வேலை முடிந்ததும் பாய்க்குப் போன் போட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் புயல் மாதிரி மழை. கதவுக்கு அடியில் வந்த தண்ணீர் மூட்டைகளுக்குள் ஏறியது.

மறுநாள் வந்த பாய் ஒரு மூட்டையைப் பிரித்துக் கையை உள்ளே விட்டார். வெகுநேரம் கையை வெளியே எடுக்கவில்லை. கடனுக்கு எடுத்த சரக்கு. நோன்புமாத வியாபாரத்துக்காக வைத்திருந்தது. நஷ்ட ஈடு கிடைக்காவிட்டால் கடையை மூடவேண்டியதுதான் என்று மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் ரசீதைத் திருப்பிக் காட்டினார். மழை வெள்ளத்துக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று பின்பக்கம் அச்சடித்திருந்தது. பாய் கையில் மிச்சம் இருந்த ஒரே பிடி நான் சொன்ன சொல். அதை வைத்துத்தான் வழக்குப் போட்டார்.

"நீங்க சொன்னத மறைக்க வேணாம்ணே" என்றார் வக்கீலம்மா. "சொன்னேன்னே சொல்லுங்க. பொய் சாட்சி எனக்குப் புடிக்காது. கேட்டதுக்கு மட்டும் பதில், அவ்வளவுதான்."

"அப்ப பாய் ஜெயிச்சிருவாரே மேடம்?"

"அது என் வேலைலா. நீங்க கரிபாப் சாப்பிடுங்க."

கோர்ட்டில் வக்கீலம்மா மலாயில் கேட்டார். மலாய் எனக்கு நன்றாகவே தெரியும். ஒரு சொல்கூடத் தப்பவில்லை. படிவம் இரண்டோடு நின்றவர்தானே? ஆமாம். இதுவரை எந்த வேலையிலும் நிலைத்ததில்லையே? ஆமாம். ரசீதின் பின்னால் இருக்கும் ஆங்கிலத்தைப் படிக்கத் தெரியுமா? தெரியாது. சரக்கை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய உங்களுக்கு அதிகாரம் உண்டா? இல்லை. எல்லாம் உண்மை. குரலில் கொஞ்சம்கூடக் கடுமை இல்லை. பிறகு நீதிபதியின் பக்கம் திரும்பி, கையை மரியாதையாக என் பக்கம் நீட்டி, "அனுபவமுள்ள ஒரு வியாபாரி, இப்படிப்பட்ட ஒருவருடைய வாய்ச்சொல்லை நம்பித் தன் சரக்கை விட்டுப் போவாரா?" என்று கேட்டார்.

பின்வரிசையில் பாய் எழுந்துவிட்டார். தமிழில்தான் கத்தினார். "எம்மா, அந்தத் தம்பிய அப்படிப் பேசாதீங்கம்மா! எஞ் சரக்கு போனா போவுது, அவன் நல்ல புள்ள!" உட்காரும்படி நீதிபதி அதட்டினார். நான் சட்டைக் கையின் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாய் எனக்காக வாய் திறந்தார். அவருக்காக நான் சொல்ல ஒன்றும் இல்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி முடித்திருந்தேன்.

மதியத்துக்குப் பிறகு தீர்ப்பு. பாய் தோற்றார். வக்கீலம்மா என் கையைக் குலுக்கி, "நல்லா சொன்னீங்கண்ணே, தேங்ஸ்" என்றார். கெட்டவர் இல்லை அவர். தன் வேலையைச் சுத்தமாகச் செய்தார். மேனேஜர் வக்கீலம்மாவின் காரில் ஏறிக்கொண்டார். நான் பஸ்ஸுக்கு நின்றேன்.

பாயின் வேன் வந்து நின்றது. "ஏறு தம்பி. கோர்ட்டு சட்டையோட பஸ்ல போனா நீதான் வக்கீல்னு கேஸ் குடுத்துருவானுங்க." ஏறினேன். வழியில் ஒரு கடையில் நிறுத்தி, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தார். மழையைப் பற்றியோ மூட்டையைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அப்போதும் கேட்டதற்குத்தான் பதில் சொன்னேன்.

"அங்க இனிமே இருக்காத" என்றார், நான் தங்கியிருந்த அலோர் காஜாவில் இறக்கிவிடும்போது. "கட இருக்கிற வரைக்கும் எங்கிட்ட வந்துரு. ஸ்டோர் சாவிய ஒங் கையில குடுத்துர்றேன். திங்கக்கெழம காலைல வா. வருவியா?"

"வர்றேன் பாய்."

சொன்னபோது போக வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை துணி மடித்து வைத்தபோதும் அந்த நினைப்புதான். ஆனால் ஒவ்வொரு நாளும் அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டும், அவர் என்னை நம்பிக்கொண்டே இருப்பார் என்று நினைத்ததும் மடித்த துணியையெல்லாம் பையில் திணித்தேன். திட்டியிருந்தால் போயிருப்பேன். அன்று மாலையே ஜொகூர் பாருவுக்குப் பஸ் ஏறினேன்.

போன வருடம், நான் இப்போது மூட்டை இறக்கும் இடத்துக்குச் சுங்கை ரம்பாய்க்காரர் ஒருவர் லாரி கொண்டு வந்தார். பேச்சுவாக்கில் அந்த ஊர் மளிகைக்கடை பாயைத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார், ஒரு காலத்தில் அவருடைய கடைக்குச் சரக்கு ஏற்றியவராம். அந்தக் கதையில் வரும் ஆள் நான்தான் என்று தெரியாமலே அவர் சிரித்துக்கொண்டு சொன்னார்: ஒரு திங்கட்கிழமை பாய் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டோர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாராம். மதியம் தாண்டியும் எழுந்திருக்கவில்லை. அந்த ஆள் வரமாட்டான், உள்ளே வாங்க என்று கூப்பிட்ட மகனிடம் எரிந்து விழுந்தாராம்: "வருவான்டா. வர்றேன்னு எங்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கான்."

கடை இன்னும் இருக்கிறதா என்று லாரிக்காரரிடம் நான் கேட்கவில்லை.