சீலா மறுத்த வீடு

துறைமுகக் குவாட்டஸுக்குக் குடிவந்த முதல் நாள், சீலா பொதுக்குழாயின் கீழே குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். வரிசையில் பின்னால் நின்ற மைமூனாவுக்குப் பொறுமை போயிற்று.

"என்ன புள்ள, பைப்பைத் திறக்கத் துரை வரவேணுமோ?"

யாராவது ஊற்றுவார்கள் என்றுதான் சீலா காத்து நின்றாள். அப்படித்தான் பழகியிருந்தாள். இரத்தினசிங்கம் மாஸ்டரின் வளவில் வாடகைக்கு இருந்த காலத்தில் அவள் கிணற்றுக்கட்டில் கால் வைக்கக்கூடாது. மாஸ்டரின் மனைவிதான் அள்ளி, உயரத்தில் நின்று குடத்தில் ஊற்றுவார். அவர் கோயிலுக்குப் போனால் திரும்பும்வரை சீலா வீட்டில் உலை ஏறாது. சாதி என்ற சொல்லை அங்கே ஒருவரும் உச்சரித்ததில்லை. உச்சரிக்காமலே எல்லாம் நடந்தது.

குழாயடியில் சீலா மெல்ல மெல்லச் சண்டை பிடிக்கப் பழகினாள். மைமூனாவின் வாளியைக் காலால் தள்ளிய அன்று அவளுக்கு வந்த சந்தோசம் கலியாணத்தன்றும் வந்ததில்லை.

ஆனால் குவாட்டஸ் சொர்க்கம் அல்ல. ஓர் அறை, சமைக்க ஒரு குசினி. மேலே தகரச் சீற்றுக் கூரை அடுப்பாய்க் கொதிக்கும். இரவு வேலை முடித்து வரும் அவள் புருஷன் பேணாட்டுக்குப் பகலில் கண் மூட ஏலாது. ஒருநாள் கப்பலில் சாமான் இறக்கும்போது தூங்கி விழுந்து, கால் நசுங்காமல் மயிரிழையில் தப்பினான். அந்தக் கிழமையே மாஸ்டர் அவனை வழியில் கண்டு, நீங்கள் இருந்த ஓட்டுவீடு சும்மா கிடக்கிறது, வாருங்கள் என்றார்.

"நான் ஒருக்கா நித்திரை கொள்ளவேணும், சீலா."

அதைத் தட்ட மனம் வராமல் அவள் வீட்டைப் பார்க்கப் போனாள்.

மாஸ்டரின் மனைவி முகம் மலர்ந்தார். "இனி நீ என்னைப் பார்த்துக்கொண்டு நிக்கத் தேவையில்லை பிள்ளை. வேலிக்கு அங்கால உனக்கெண்டு தனித்தொட்டி கட்டியிருக்கு. விடிய நிரப்பிவிடுவன்."

பெரிய உபகாரம் செய்துவிட்ட பூரிப்பு அந்த முகத்தில். சீலா குவாட்டஸுக்குத் திரும்பினாள்.

"நான் வரமாட்டன். இந்தக் கூரைக்கு மேல தென்னங்கிடுகு போடுவம், சூடு அடங்கும்," என்றாள் பேணாட்டிடம்.

"துறைமுக ஒவ்வீஸில விடமாட்டாங்கள். ஆணி அடிக்கவே கடிதம் கேக்கிறவங்கள்."

"போட்ட பிறகு வந்து கழட்டச் சொல்லட்டும். அவங்களோட நான் கதைக்கிறன்."

"அங்க ஓடு இருக்கு, சீலா."

"தொட்டியும் இருக்கு."

பேணாட் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் கூரையில் ஏறினான். கீழே நின்று கிடுகு எடுத்துக் கொடுத்த மைமூனா, அவன் வேயும் விதம் பிழை என்று கடைசிவரை ஏசிக்கொண்டே இருந்தாள்.