சால்வையில் இருந்த திருநீறு

நெற்றியில் ஒரு கறுப்புப் பொட்டு வளர்ந்ததை நான் கனகாலம் காணவில்லை. முகம் கழுவியதும் கண்ணை மூடித் திருநீறு பூசுகிறவன் நான். கண்ணாடி பார்ப்பது அதற்குப் பிறகுதான். மனைவிதான் கண்டாள். நெடுங்கேணியில் முதல் பஸ் பிடித்து பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

தோல் டொக்டர் என் மூத்த மகளின் வயதுப் பிள்ளை.

"ஐயா, திருநீற்றைத் துடையுங்கோ."

சால்வையால் துடைத்தேன். சின்னக் கமரா ஒன்றை நெற்றியில் வைத்துப் படம் எடுத்தார். புற்றுநோயா இல்லையா என்று கணினி படத்தைப் பார்த்து டொக்டருக்கு யோசனை சொல்லுமாம். திரையில் சிவப்பு வந்தது.

"என்ன சொல்லுது பிள்ளை?"

"சந்தேகப்படுது ஐயா. பொட்டுக்குள்ளை வெள்ளைக் கோடுகள் தெரியுது."

மனைவி அம்மனைக் கூப்பிட்டாள்.

டொக்டர் திரையை விட்டு என் சால்வையைப் பார்த்தார். "இதாலயே துடைச்சனீங்கள்?"

"ஓம்."

"இதில இருக்கிற திருநீறு எங்கட வீட்டுக்கு ஒரு மாசத்துக்குக் காணும்."

ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துத் திரும்ப எடுத்தார். பச்சை வந்தது. மனைவி கணினியை இரண்டு கையாலும் கும்பிட்டாள். நானும் கும்பிட்டுவிட்டு எழும்பினேன்.

"இருங்கோ ஐயா. எனக்கு இந்தப் பொட்டின்ர விளிம்பு பிடிக்கேல்லை. வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவம்."

"மெசினே ஒண்டுமில்லையெண்டுது?"

"மெசின் யோசனைதான் சொல்லும். முடிவு சொல்ல வேண்டியது நான்."

விறைப்பு ஊசி போட்டு வெட்டினார். காயம் ஆறும்வரை நெற்றியில் திருநீறு கூடாது என்றார். சோதனை முடிவு வரும்வரை வயலிலும் மனம் நிற்கவில்லை. கோயிலில் ஐயர் தந்த திருநீற்றை நெஞ்சில் பூசினேன். பக்கத்து வளவுக்காரர் பார்த்துவிட்டு, "என்ன அண்ணை, சேர்ச்சுக்குப் போகத் தொடங்கியிட்டியளே?" என்றார்.

மூன்றாம் வாரம் டொக்டர் கடதாசியை விரித்தார். "புற்றுநோய்தான் ஐயா. பயப்பிடாதேங்கோ, மெதுவா வளருற வகை, வேற இடத்துக்குப் போறது மிகக் குறைவு. முழுக்க எடுத்தாச்சு."

"அம்மன் காப்பாத்தினா," என்றாள் மனைவி.

"ஓம் அம்மா," என்றார் டொக்டர்.

இப்போதும் டொக்டர் சொல்லும் தவணைக்கெல்லாம் போகிறோம். ஆஸ்பத்திரிப் பைப்பில் சவுக்காரம் போட்டு நெற்றியைக் கழுவுகிறேன். சால்வை மனைவியின் பைக்குள் இருக்கும். படம் எடுத்து முடிந்த பிறகே திருநீறு. விரல் தழும்பில் தட்டும்போது அந்தப் பிள்ளைக்காகவும் கும்பிடுகிறேன். கணினிக்கு முதல் நாள் கும்பிட்டதே போதும்.