தவராசாவை முந்திய மெசின்

வெல்லுகிறவனுக்கு நிம்மதி இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? தவராசாவுக்கு இல்லை. அறுபதுகளில் சிறுபோக நெல் வெட்டி முடிந்ததும், இரணைமடுக் குளத்தில் தண்ணீர் வற்றிய தரையில் உழவு மெசின் ஓட்டம் வைப்பார்கள். மில் முதலாளி கனகலிங்கத்தின் மூன்று மெசின்களுக்கும்தான் வருடாவருடம் முதல் மூன்று இடம். அதில் முதலாவது தவராசா. மற்ற இரண்டு சாரதிகளும் அவனை முந்தக் கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பான உத்தரவு.

முன்பெல்லாம் பூநகரியிலிருந்து கூடச் சனம் வண்டில் கட்டி வந்தது. இப்போது வருகிற கொஞ்சப் பேரும் பாதியில் எழும்பிப் போய்விடுகிறார்கள். யார் வெல்லுவான் என்று தெரிந்த பிறகும் வெயிலில் காய அவர்களுக்கென்ன விசரா? எதிர்த்து ஓடுகிறவர்களும் ஒவ்வொருவராகக் கழன்று, கடைசியில் மிஞ்சியது முரசுமோட்டைச் சிற்றம்பலம் ஒருவர்தான். மெசின் பழசு, ஆள் விடாக்கண்டன்.

“வெண்டு போட்டும் ஏனப்பா இப்பிடி அந்தரப்படுறியள்?” என்று மனைவி நேசமலர் கேட்டாள்.

“கை தட்ட ஆளில்லாமல் வெண்டு என்ன செய்யிறது? இப்பிடியே போனால் அடுத்த வருசம் ஓட்டமே நடக்காது.”

மற்ற நாளெல்லாம் அவன் ஊரார் வயலை உழுகிற கூலிச் சாரதி. அந்த ஒரு நாள்தான் சனம் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். அதை இழக்க அவனால் முடியவில்லை. ஒருமுறை சிற்றம்பலத்தை வெல்ல விட்டால் சனம் திரும்பி வரும் என்று தனக்குள்ளேயே முடிவு கட்டினான்.

அடுத்த வருட ஓட்டத்தில், கடைசிச் சுற்று வளைவில் தவராசா வேகத்தைக் குறைத்தான். சிற்றம்பலம் புழுதி கிளப்பிக்கொண்டு முந்தினார். சனம் எழும்பி நின்று கத்தியது. தவராசாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பாவி, பின்னால் வருகிற இருவரையும் மறந்துபோனான். முதலாளியின் உத்தரவை அவர்கள் மறக்கவில்லை. அவன் மெதுவாக, அவர்களும் மெதுவானார்கள். மூன்று மெசினும் செத்தவீட்டுக்குப் போவதுபோல ஒன்றின் பின் ஒன்றாக ஊர்ந்தன. கத்திய சனம் சிரிக்கத் தொடங்கியது.

சிரிப்புக் கேட்டுச் சிற்றம்பலம் திரும்பிப் பார்த்தார். எல்லைக் கோட்டுக்கு முன்னாலேயே மெசினை நிறுத்தினார்.

“தம்பி, இவ்வளவு காலமும் தோத்தாலும் நான் ஓட வந்தனான். நீ எனக்குப் பிச்சை போட வந்தனியோ?”

“சனத்துக்காகத்தான் அண்ணை...”

“இனி நீயும் உன்ரை முதலாளியும் ஓடுங்கோ.”

அவர் மெசினைத் திருப்பிக்கொண்டு போனார். சனமும் கலைந்தது. பந்தலுக்குள் நின்ற கனகலிங்கம், போ போ என்று கையைக் காட்டினார். தவராசா கோட்டைத் தாண்டினான். அந்த வருடமும் முதலிடம் அவனுக்குத்தான். அடுத்த வருடம் ஓட்டம் நடக்கவில்லை.