கறையக்காவின் கை

நீங்கள் பாட்டுக்கு ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பீர்கள். அவரும் பதில் சொல்லிக்கொண்டே உங்கள் சட்டைக் காலரைப் பிடித்துத் திருப்பி, உள்பக்கத்தை ஒரு பார்வை பார்ப்பார். "வேர்வை. ஊற வெச்சா போயிடும்" என்பார், நீங்கள் கேட்காமலே. முதல் தடவை எனக்குக் கோபம்தான் வந்தது. முன்பின் தெரியாதவன் கழுத்தில் இப்படியா கைவைப்பார்கள்? இப்போதெல்லாம் கடைக்குள் நுழைந்ததும் நானாகவே குனிந்து கொடுத்துவிடுகிறேன்.

எங்கள் தெருமுனை லாண்டரியின் முதலாளியும் அவர்தான், வெளுப்பவரும் அவர்தான். தெருவே அவரைக் கறையக்கா என்று கூப்பிடுகிறது. ஒல்லி உடம்பு, சோடா உப்பில் ஊறி ஊறி வெளுத்துப்போன விரல்கள், இடுப்பில் செருகிய பழைய பல் பிரஷ். கறையைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. ஒரு கல்யாணத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் மடியில் காபி சிந்த, அக்கா பிரஷ்ஷோடு பாய, அந்த மனிதர் எழுந்து ஓடியே போய்விட்டாராம். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அக்காவின் வீட்டுக்காரர் இந்தக் கதையை நடித்தே காட்டுவார்.

இப்படிப்பட்டவரிடம் போய் ஒரு பூனைக்குட்டி வந்து சேர்ந்தது. பின்னாலேயே அதற்கு வயிற்றுப்போக்கும்!

ஏதோ ஓட்டலிலிருந்து வந்த மேஜைவிரிப்பு மூட்டையை அவிழ்த்தபோது, நடுவில் சுருண்டு கிடந்ததாம். ஓட்டலுக்குப் போன் போட்டால், "எங்களுக்கும் பூனைக்கும் சம்பந்தமே இல்லீங்க" என்று வைத்துவிட்டார்கள். வெள்ளைக் குட்டி, மூக்கின் மேல் கறுப்பாக ஒரு புள்ளி. அக்கா முதலில் செய்த காரியம், ஈரத்துணியால் அந்தப் புள்ளியைத் துடைத்ததுதான். போகவில்லை. "தேய்ச்சும் போகலைன்னா அது கறை இல்ல, மச்சம்" என்று தீர்ப்புச் சொல்லி, அதையே பெயராகவும் வைத்துவிட்டார்.

வந்த மறுநாளே மச்சத்துக்கு வயிறு கெட்டுப்போனது. கெடாமல் என்ன செய்யும்? அக்கா ஒரு கிண்ணம் பால் வைப்பார். அவர் அந்தப் பக்கம் போனதும் வீட்டுக்காரர் ஒரு கிண்ணம் வைப்பார். கடையில் இஸ்திரி போடுகிறவர் தன் டீக்கு வைத்த பாலையும் ரகசியமாக ஊற்றுவார். ஒருவர் ஊற்றியது இன்னொருவருக்குத் தெரியாது. எல்லாம் தண்ணீராகப் போனது.

"பாலை அடியோட நிறுத்துங்கக்கா. மாட்டுப்பால் இதுக்குச் செரிக்காது" என்றார் கால்நடை டாக்டரம்மா. அக்காவுக்கு முகம் தொங்கிப்போனது. "பூனைக்குப் பால் ஆகாதுன்னு எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா சார்?" என்று என்னிடம் நியாயம் கேட்டார். ஆனாலும் பாலை நிறுத்தினார். உப்பில்லாமல் வேகவைத்த கோழிக்கறியை நூல் நூலாகப் பிய்த்து விரல்நுனியில் ஊட்டினார்.

"கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து எனக்கு ஒரு வேளை இப்படிப் பிய்ச்சுக் குடுத்ததுண்டா?" என்றார் வீட்டுக்காரர்.

"உங்களுக்கென்ன கேடு? கல்லைத் தின்னாலும் செரிக்குது."

பால் நின்றும் போக்கு நிற்கவில்லை. குட்டி துவண்டு போனது. கூப்பிட்டால் காதை மட்டும் அசைக்கும். டாக்டரம்மா ஊசி வழியாக உடம்பில் நீர் ஏற்றிவிட்டுச் சொன்னார்: "இவ்ளோ சின்ன உடம்பு, தண்ணி வத்திப்போனா தாங்காது. பூச்சியா, வேற ஏதாவதான்னு தெரிஞ்சாதான் சரியான மருந்து தர முடியும். அது போறதுல கொஞ்சம் டப்பால எடுத்துட்டு வாங்க."

ஆபத்து இங்கேதான் ஆரம்பித்தது. மச்சம் மூலையில் உட்கார்ந்து எழுந்திருக்கும், அவ்வளவுதான். வெந்நீர், சோப்பு, பிரஷ் எல்லாம் ஒன்றாகப் பாயும். தரை பளபளவென்று ஆகி, துடைத்த துணியையும் அலசிப் பிழிந்து உதறிக் கொடியில் போட்ட பிறகுதான் அக்காவுக்கு டப்பா ஞாபகம் வரும். "ஐயையோ!" என்று தலையில் அடித்துக்கொள்வார். கடைசியில் காலி டப்பாவோடு போய் நின்றாராம். "கை தானா போயிடுது டாக்டரம்மா, நான் என்ன பண்ணட்டும்?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. இன்னொரு தடவை நீர் ஏற்றினார். "நாளைக்குள்ள கொண்டு வந்துடுங்கக்கா. தள்ளிப்போட்டா குட்டி பிழைக்கிறது கஷ்டம்" என்று சொல்லி அனுப்பினார்.

நான் கடைக்குப் போனபோது அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் காலரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஊர் அழுக்கையெல்லாம் எடுக்குற கை சார். இந்தப் பாழாப்போன கையே அதைக் கொன்னுடும் போலிருக்கே" என்றார். ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து மச்சம் தள்ளாடி எழுந்து, மூலையில் விரித்திருந்த பழைய பேப்பரின் மேல் போய் உட்கார்ந்தது.

அக்கா துள்ளி எழுந்தார். எழுந்தவர், இரண்டு கைகளையும் அக்குளில் இறுக்கிச் செருகிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு அலறினார்: "யாராவது ஓடி வாங்களேன்! கை வருது! கை வருது!"

இஸ்திரிக்காரர் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அக்காவுக்குக் குறுக்கே நின்றுகொண்டார். நின்றவர் என்னைப் பார்த்தார். அக்காவும் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "உங்க கை சும்மாத்தானே சார் இருக்கு?"

பத்திரிகைக்கு எழுதுகிற கை ஐயா இது! என்ன செய்வது, ஒரு ஐஸ்கிரீம் குச்சியால் வழித்து டப்பாவில் போட்டேன். நாற்றத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். நான் மூடியை அழுத்தியதுதான் தாமதம், என் காலடியில் தரை நனைந்து, நுரைத்து, சுத்தமாகிவிட்டது. என் செருப்பையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்.

பூச்சிதான். மருந்து உள்ளே போனது. போக்கு குறைந்து, பிறகு ஒன்றுமே போகாமல் இருந்தது. இப்போது அக்காவுக்கு அது ஒரு கவலை. ஒரு தட்டில் மணல் பரப்பி வைத்து, அக்கா வருவதும் எட்டிப் பார்ப்பதும் போவதுமாக இருந்தார். "சாப்பிடுதே, விளையாடுதே, போகலையே சார்?" என்று என்னிடமே கேட்டார். எனக்கு ஒரு தகுதி வந்துவிட்டது போலிருக்கிறது.

நேற்றுக் காலை கடையில் நல்ல கூட்டம். மேஜைமேல் வெளுத்து மடித்த வெள்ளைச் சட்டைகள் அடுக்கடுக்காக உரியவர்களுக்காகக் காத்திருந்தன. பின்னறையிலிருந்து மணலைப் பறண்டும் சத்தம் கேட்டது. அக்கா எண்ணிக்கொண்டிருந்த துணியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனார். இஸ்திரிக்காரர் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார்.

அக்கா வெளியே வந்தார். கையில் அந்த மணல் தட்டு. சட்டை அடுக்கை முழங்கையால் ஓரமாகத் தள்ளிவிட்டு, தட்டை மேஜையின் நடுவில் வைத்தார். கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

"பாருங்க! எவ்ளோ கெட்டியா, உருண்டையா! மூக்கைப் பொத்தாதீங்க, நல்லாப் பாருங்க!"

வரிசையில் முதலில் நின்றவருக்குத் தன் சட்டையைப் பற்றிய பயம். "சந்தோஷம்க்கா. எடுத்துக் கொட்டிடட்டுமா?" என்று மெல்லக் கையை நீட்டினார்.

அக்கா அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டார். "அப்படியே இருக்கட்டும். எங்க வீட்டுக்காரர் வேனை விட்டுட்டு வந்து பார்த்தப்புறம்தான்."